பீதிக்கு ஒரு கணக்கு

அறிவியல் புனைவுத் திகில் ஆட்டம் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களின் ஒரு கிளை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். இடத்தையும் ஆபத்தையும் விவரிப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். திரை கிடையாது, ஒலிப்பதிவு கிடையாது. அறையில் விளக்கு எரியும், பக்கத்தில் தேநீரும் முறுக்கும் இருக்கும், யாராவது ஒருவர் ஜோக் அடித்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட மேசையில், வளர்ந்த மனிதர்களின் வயிற்றைக் கலக்குவதற்கு விதிப்புத்தகம் எழுதுவதுதான் வடிவமைப்பாளரின் வேலை. கேம் மாஸ்டர் நன்றாகக் கதை சொன்னால் போதும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, ஆட்டக்காரரின் தாளில் எந்த எண் இருக்கிறது, அது எப்போது ஏறுகிறது என்பதில் இருக்கிறது.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களின் தொடக்கமே திகிலுக்கு எதிர்த்திசையில் அமைந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அதில் அனுபவம் கூடக் கூட உயிர்ப்புள்ளிகள் கூடும். நேற்று விரட்டிய பூதத்தை நாளை ஒரே வெட்டில் சாய்க்கலாம். நாளுக்கு நாள் பலம் ஏறுகிறவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்?

இரண்டே ஆண்டில், 1976-ல், ஜேம்ஸ் எம். வார்டு எழுதிய ‘மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபா’ ஆட்டத்தை விண்கப்பலுக்குள் கொண்டுபோனது. தலைமுறைகளாகப் பறக்கும் ‘வார்டன்’ என்ற கப்பலில் கதிர்வீச்சால் பேரழிவு நேர்ந்து, தாங்கள் இருப்பது கப்பல் என்பதையே மக்கள் மறந்துவிட்ட கதை அது. அதற்கடுத்த ஆண்டு மார்க் மில்லரின் ‘டிராவலர்’ வந்தது. பாத்திரத்தை உருவாக்கும்போதே அது செத்துப்போகலாம் என்ற விதியால் அந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் திகில் வடிவமைப்புக்கு அது விட்டுச்சென்ற பெரிய சொத்து வேறு: கப்பல் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை. தவணை கட்ட வேண்டியவன் ஆபத்தான சரக்கையும் ஏற்றுவான். ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ திரைப்படம் வந்தது 1979-ல். அதன் ‘நோஸ்ட்ரோமோ’ கப்பலில் இருக்கும் ஏழு பேரும் வீரர்கள் இல்லை. சம்பளத்துக்குச் சரக்கு இழுப்பவர்கள். போனஸில் தங்களுக்குச் சரியான பங்கு வேண்டும் என்று சண்டை போடுபவர்கள். பிற்பாடு வந்த விண்வெளித் திகில் ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்தக் கப்பலின் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் தொடங்குகின்றன.

மனநிலைக்கு ஓர் எண்

பயத்தை எண்ணாக்கிய முதல் பெரிய ஆட்டம் 1981-ல் கேயோசியம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுலு’. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் கதைகளை அடிப்படையாக வைத்து சாண்டி பீட்டர்சன் வடிவமைத்தது. உடலுக்கு உயிர்ப்புள்ளிகள் இருப்பதுபோல மனத்தெளிவுக்கும் அதில் ஓர் இருப்பு உண்டு. காணக்கூடாததைக் கண்டால் அது குறையும். தடை செய்யப்பட்ட நூலைப் படித்தால் அறிவு கூடும், கூடவே தெளிவின் உச்சவரம்பு இறங்கும். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ளச் சிதைவு என்ற ஒரே விதியில், ஆட்டக்காரரின் ஆர்வமே அவருக்கு எதிரியாகிவிடுகிறது.

நாற்பது ஆண்டுகளில் அந்த விதியின் பலவீனமும் வெளிப்பட்டிருக்கிறது. இருப்பு குறைந்த பாத்திரத்துக்கு ஏதோ ஒரு மனநோயைப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டுவது, நோயாளிகளை வேடிக்கைப் பொருளாக்குகிறது என்ற கண்டனம் நியாயமானது. வடிவமைப்பு நோக்கில் இன்னொரு குறையும் உண்டு. இறங்கிக்கொண்டே போகும் எண் நீண்ட காலச் சரிவை நன்றாகக் காட்டும். அடுத்த அறையின் கதவைத் திறக்கலாமா என்ற நொடிநேரப் படபடப்பை அவ்வளவு நன்றாகக் காட்டாது. அதனால்தான் அண்மைக்கால ஆட்டங்கள் குறையும் தெளிவை விட்டுவிட்டு, ஏறும் மன அழுத்தத்தைக் கையில் எடுத்தன. விளைவுகளும் மருத்துவப் பெயர்களிலிருந்து விலகி, கை நடுங்குவது, உறைந்து நிற்பது, ஓடுவது என்று உடலுக்கு வந்துசேர்ந்தன.

ஏறும் எண்

இந்தத் திருப்பத்தைத் தெளிவாகப் பார்க்க ‘மதர்ஷிப்’ உதவும். ஷான் மெக்காய் வடிவமைத்து, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த டியூஸ்டே நைட் கேம்ஸ் 2018-ல் வெளியிட்ட ஆட்டம் இது. முதலில் ஒரு மெல்லிய, ஸ்டேப்பிள் அடித்த கையேடாக வந்தது. 2021 இறுதியில் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பெட்டிப் பதிப்புக்குப் பணம் திரட்டியபோது 14 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

பெட்டிப் பதிப்பின் விதிப்படி பாத்திரத்துக்கு வலிமை, வேகம், அறிவு, சண்டை என நான்கு திறன்கள். இரண்டு பத்துப்பக்கப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையோடு 25 சேர்த்தால் ஒரு திறன் கிடைக்கும். சராசரி 36. சோதனை வரும்போது 00 முதல் 99 வரையிலான எண்ணை உருட்டி, திறனுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பயிற்சி இருந்தால் 10, நிபுணத்துவம் இருந்தால் 15, தேர்ச்சி இருந்தால் 20 கூடும். பயிற்சி இல்லாத சராசரி ஆள் மூன்றில் இரண்டு முறை தோற்பார். தோற்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய மன அழுத்தம் ஒரு புள்ளி ஏறும்.

புதிதாக வாசிப்பவருக்கு இது கொடுமையாகத் தெரியும். ஒரு கப்பல் தொழிலாளிக்குக் கதவுப் பூட்டைக்கூடத் திறக்கத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். வடிவமைப்பின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அந்த 36 என்ற எண், பகடையை எடுக்காமல் இருக்கச் சொல்லும் எச்சரிக்கை. நேரமும் கருவியும் இருந்தால் பூட்டு திறந்துவிடும், பகடை தேவையில்லை. பின்னால் ஏதோ ஊர்ந்து வரும்போது அவசரமாகத் திறக்க முயன்றால்தான் பகடை. ஆகவே ஆட்டக்காரர்கள் யோசிக்கிறார்கள்: மின்சாரத்தைத் துண்டித்தால் என்ன, காற்றுக்குழாய் வழியாகப் போனால் என்ன, கதவின் கீலையே வெட்டிவிட்டால் என்ன? இதைப் புரிந்துகொள்ளாமல் எடுத்ததற்கெல்லாம் பகடை உருட்டச் சொல்லும் கேம் மாஸ்டரின் மேசையில் இந்த ஆட்டம் கோமாளித்தனமாகிவிடும். விதியில் குறை இல்லை. அதை எங்கே பயன்படுத்துவது என்பதைப் புத்தகம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

எல்லோரும் 2 புள்ளி அழுத்தத்தோடு தொடங்குகிறார்கள். பீதிச் சோதனை வந்தால் இருபதுபக்கப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண் தன் அழுத்தத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் பீதி. தொடக்கத்தில் அதற்கான வாய்ப்பு 10 சதவீதம், அழுத்தம் 5 ஆனால் 25, பத்தானால் 50. கணிதம் தெரியாதவருக்கும் இந்தக் கணக்கு மனத்துக்குள் ஓடும். தன் கையாலேயே பென்சிலில் 6-ஐ அழித்து 7 எழுதும் ஆட்டக்காரருக்கு வேறு வர்ணனை வேண்டியதில்லை. சோதனை எப்போது வரும் என்பதும் ஓரளவே தெரியும். இரண்டு இலக்கமும் ஒன்றாக விழுந்து தோற்றால், அதாவது 36 திறன் உள்ளவருக்கு 44, 55, 66 என்று விழுந்தால், உடனே பீதிச் சோதனை. மற்றபடி கேம் மாஸ்டர் நினைக்கும் நேரத்தில்.

பயம் தொற்றக்கூடியது என்பதையும் விதியாக்கியிருக்கிறார்கள். பீதிச் சோதனை தவிர, பயத்தையும் மனத்தெளிவையும் சோதிக்கும் தனிச் சோதனைகளும் உண்டு. போர்வீரர் வகைப் பாத்திரம் பீதியடைந்தால் அருகில் உள்ள தோழர்கள் எல்லோரும் பயச் சோதனைக்கு ஆளாவார்கள். விஞ்ஞானி மனத்தெளிவுச் சோதனையில் தோற்றால் சுற்றியிருப்பவர்களுக்கு ஒரு புள்ளி அழுத்தம் ஏறும். ஆண்ட்ராய்டு பக்கத்தில் நின்றாலே போதும், மற்றவர்கள் பயச் சோதனையில் இருமுறை உருட்டி மோசமானதை எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதனைப் போலவே இருந்தும் மனிதன் அல்லாத ஒன்று தரும் கூச்சத்துக்கு இதைவிடச் சுருக்கமான விதி கிடைப்பது அரிது.

உதவிக்கு வரும் அழுத்தம்

ஸ்வீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ‘ஏலியன்’ ஆட்டம் இதே கருத்தை வேறு வழியில் பிடிக்கிறது. டோமஸ் ஹாரன்ஸ்டாம் தலைமையில் உருவான அந்தப் பதிப்பில் எல்லாமே ஆறுபக்கப் பகடைகள். திறனும் பயிற்சியும் சேர்ந்து எத்தனையோ அத்தனை பகடைகளை உருட்டலாம். ஏதாவது ஒன்றில் 6 விழுந்தால் வெற்றி. அழுத்தத்தின் ஒவ்வொரு புள்ளியும் இன்னொரு பகடையாகக் கையில் சேரும். அதாவது அழுத்தம் ஆட்டக்காரருக்கு உதவுகிறது. அந்த அழுத்தப் பகடையில் 1 விழுந்தால் மட்டும் பீதி உருட்டல் வரும்.

நான்கு பகடைக்காரருக்கு வெற்றி வாய்ப்பு சுமார் 52 சதவீதம். அழுத்தம் 2 சேர்ந்தால் அது 67 ஆகிறது. 1 விழும் ஆபத்து 31. அழுத்தம் 5 ஆனால் வெற்றி 81, ஆபத்து 60. பீதி உருட்டல் என்பது ஒரு பகடையோடு அழுத்தத்தைக் கூட்டுவது. மொத்தம் 6 வரை ஒன்றும் ஆகாது, 10-ல் உறைந்து நிற்பார், 12-ல் அலறுவார், 13-ல் ஓடுவார், 15-ஐத் தொட்டால் கல்லாய்ச் சமைந்துவிடுவார். அழுத்தம் 3-க்குள் இருக்கும்வரை என்ன உருட்டினாலும் 9-ஐத் தாண்ட முடியாது என்பதால், அதுவரை அழுத்தம் லாபம்தான். 4-ல் கதை மாறுகிறது. தோற்ற உருட்டலை மறுபடி உருட்டவும் இந்த ஆட்டம் இடம் தருகிறது, அதன் விலை இன்னொரு புள்ளி அழுத்தம். ஆபத்தில் அட்ரினலின் ஏறி ஆள் கூர்மையாவதும், அளவு மீறியதும் உடைவதும் இந்த ஒரே அமைப்பில் வந்துவிடுகின்றன. தானாக வலையில் விழுவதற்கு ஆட்டக்காரருக்கு ஆசை காட்டும் வடிவமைப்பு என்ற வகையில் இது மதர்ஷிப்பைவிட நயமானது. மதர்ஷிப்பின் பலம் எளிமை: ஐந்து நிமிட விளக்கத்தில் புதியவர் ஆடத் தொடங்கிவிடலாம்.

பகடையையே தூக்கிப்போட்ட ஆட்டமும் உண்டு. எபிடயா ரவாகோலின் ‘டிரெட்’, 2005-ல் வந்தது. ஆபத்தான செயலுக்கு, மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் போய்விடும். கை நடுங்குவது அங்கே நடிப்பில்லை. ஆனால் கோபுரம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், ஒருவர் சேர்த்துவைத்த ஆபத்தில் இன்னொருவர் பலியாவார். தனி மனிதனின் அழுத்தம் ஏறுவதைக் காட்ட அது உதவாது.

விதி எழுதாமல் விடுவது

மதர்ஷிப்பின் திறன் பட்டியலில் ஒளிந்து நகர்வதற்கு ஒரு திறன் இல்லை. மறதியால் விடுபட்டது இல்லை, வேண்டுமென்றே விட்டது. திகில் கதையில் மிக முக்கியமான செயல் ஒளிந்துகொள்வதுதானே, அதற்கா விதி இல்லை என்று பலர் கேட்டார்கள். முக்கியமான செயல் என்பதால்தான் விதி இல்லை என்பது மெக்காயின் நிலைப்பாடு. விதி இருந்தால், “ஒளிகிறேன், 28 விழுந்தது, சரி” என்று மூன்று நொடியில் காட்சி முடிந்துவிடும். விதி இல்லாவிட்டால் பேச வேண்டும். எங்கே ஒளிகிறாய்? அலமாரிக்குள். கதவு முழுதாக மூடுமா? மூடாது, இடுக்கு இருக்கிறது. உடைக்குள் காற்று எவ்வளவு மிச்சம்? பேச்சு நீள நீள, மேசையில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தவர் அமைதியாகிவிடுவார்.

மற்ற வகை ஆட்டங்களில் முக்கியமானதற்கு விரிவான விதி என்பது பொதுவழக்கு. திகிலுக்கு அந்த வழக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் ஆட்டம் கணக்குப் பரீட்சையாகிவிடும். எதைப் பகடைக்கு விடுவது, எதைப் பேச்சுக்கு விடுவது என்ற பிரிவினைதான் இந்தத் துறையின் நடுநாயகமான முடிவு. மற்றதெல்லாம் அதற்கடுத்துத்தான்.

மரணத்தை மதர்ஷிப் கையாளும் விதமும் இந்தப் பிரிவினையின் நீட்சி. பாத்திரம் வீழ்ந்ததும் ஒரு பகடையைக் கோப்பைக்குள் உருட்டி, பார்க்காமல் மேசையில் கவிழ்த்துவைக்க வேண்டும். சக பாத்திரம் ஒன்று அருகே போய் நாடி பிடித்துப் பார்த்தால்தான் கோப்பையைத் தூக்கலாம். மயக்கமா, கோமாவா, உயிர் போய்விட்டதா என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கேம் மாஸ்டருக்குமே தெரியாது. செலவு ஒரு கோப்பை.

காற்றுக்கும் வாடகை

பேய் பங்களாவிலிருந்து தப்பிக்க வாசற்கதவைத் திறந்தால் போதும். விண்கப்பலில் கதவைத் திறந்தால் வெற்றிடம். அறிவியல் புனைவு திகிலுக்குத் தரும் முதல் வசதி இதுதான். இரண்டாவது, தூரம். செவ்வாயிலிருந்து பூமிக்கு ஒளிவேகத்தில் போகும் வானொலிச் செய்தியே, கோள்களின் நிலையைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருப்பவர் உதவி கேட்டுப் பயனில்லை. பூட்டிய வீடு, அறுந்த தொலைபேசி என்று சாதாரணத் திகில் கதை பாடுபட்டுக் கட்டும் தனிமை இங்கே இயற்பியலாகவே கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது வசதி கம்பெனி. ‘எ பவுண்ட் ஆஃப் ஃப்ளெஷ்’ என்ற மதர்ஷிப் தொகுப்பு 2019-ல் வெளியானது. அதில் வரும் ‘பிராஸ்பெரோஸ் டிரீம்’ என்ற விண்வெளி நிலையத்தில் சுவாசிக்கும் காற்றுக்கு வரி உண்டு. கட்ட முடியாதவர்கள் அடித்தளத்துக்குத் தள்ளப்படுவார்கள். ஏறிய மன அழுத்தத்தை இறக்கி அதைப் பயம் போன்ற சோதனைகளைத் தாங்கும் வலுவாக மாற்றிக்கொள்ளவும் துறைமுக நிலையங்களில் காசு செலவழித்து ஓய்வெடுக்க வேண்டும். காசுக்கு அடுத்த வேலை, அடுத்த வேலையில் மறுபடியும் அழுத்தம். இந்தச் சுழற்சி சரியாக அமைந்தால், “இவர்கள் ஏன் திரும்பவும் அந்தக் கப்பலுக்குள் போகிறார்கள்?” என்ற கேள்விக்குத் தனியாகக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை. ‘டிராவலர்’ தொடங்கிவைத்த மாதத் தவணை இங்கே முழுத் திகிலாக வளர்ந்திருக்கிறது.

எதிரி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. லூக் கியரிங் எழுதி 2020-ல் வந்த ‘கிரேடியன்ட் டிசென்ட்’, செயற்கை அறிவு ஒன்று ஆளும் பாழடைந்த ஆண்ட்ராய்டு தொழிற்சாலையில் நடக்கிறது. அங்கே அலைய அலைய, தான் உண்மையில் மனிதன்தானா என்ற ஐயம் பாத்திரத்துக்குப் புள்ளி புள்ளியாக ஏறும். தாளில் எழுதியிருக்கும் தன் பெயரையே ஆட்டக்காரர் நம்ப முடியாத நிலை அது.

பூதம் கடைசியில்

கேம் மாஸ்டருக்கான மதர்ஷிப் கையேடு திகில் நிகழ்வை ஐந்து கட்டமாகப் பிரிக்கிறது: மீறல், சகுனங்கள், வெளிப்பாடு, விரட்டல், உறக்கம். ‘ஏலியன்’ படத்தை இதில் பொருத்திப் பார்க்கலாம். அந்நிய முட்டையை நெருங்கியதும், தொற்றுத்தடுப்பை மீறிக் கதவைத் திறந்ததும் மீறல். அமிலம் தளம் தளமாக உருக்கிக்கொண்டு இறங்குவதும், உரித்துப்போட்ட தோல் கிடைப்பதும் சகுனங்கள். புதிய எழுத்தாளர்கள் செய்யும் தவறு, வெளிப்பாட்டில் தொடங்குவது. பல்லும் நகமும் உள்ள ஒன்று முதல் அரைமணியில் வந்து நின்றுவிட்டால், ஆட்டக்காரர்கள் துப்பாக்கியை எடுப்பார்கள், அதற்குப் பிறகு நடப்பது சண்டைப் படம்.

பூதத்துக்கு உயிர்ப்புள்ளி எத்தனை என்பதைவிட அதற்கு என்ன வேண்டும், எதற்கு அது விலகும், அதன் தடயம் என்ன என்ற மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஆட்டக்காரர் கூர்ந்து கவனித்தால் தப்பிக்க வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது திகில் ஆகாது, தண்டனை ஆகிவிடும். உயிர் தப்புவது, புதிரை விடுவிப்பது, மற்றவரைக் காப்பது ஆகிய மூன்றும் ஒருசேரக் கைகூடாதபடி சூழ்நிலையை அமைக்கச் சொல்கிறது அதே கையேடு. எதை விடுவது என்ற தகராறு மேசையிலேயே கிளம்பும். ‘ஏலியன்’ ஆட்டத்தைத் திரைப்படம் போல அங்கம் அங்கமாக ஆடும் சினிமா முறையில் இந்தத் தகராறு இன்னும் கூர்மையானது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வோர் அங்கத்திலும் ரகசிய நோக்கம் எழுதிய அட்டை உண்டு, அதில் ஒருவர் கம்பெனியின் ஆளாக இருக்கலாம்.

இவ்வளவையும் சிறிய இடத்தில் அடக்க முடியும் என்பதற்குச் சான்று ‘தி ஹான்டிங் ஆஃப் இப்சிலான் 14’. ஒரே தாளை மூன்றாக மடித்த துண்டுப்பிரசுரம். சுரங்க விண்கல் ஒன்று, அதில் சில தொழிலாளிகள், ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போகிறார்கள். ஒரு மாலை முழுவதும் ஆட அது போதும். நானூறு பக்க நூலில் தேவையான விதி அகப்படாமல் கேம் மாஸ்டர் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தால் கட்டிய பதற்றம் அத்தனையும் கரைந்துவிடும். ஆகவே பக்க வடிவமைப்பும் திகில் வடிவமைப்பில் சேர்த்தி. மதர்ஷிப்பின் பாத்திரத் தாளே அம்புக்குறி போட்ட படமாக, எதை முதலில் உருட்டுவது, எதை எங்கே எழுதுவது என்று வழிகாட்டும். அதைப் பார்த்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆள் தயாராகிவிடலாம். பாத்திரங்கள் அடிக்கடி சாகும் ஆட்டத்தில் இது அலங்காரம் இல்லை. செத்தவர் இரண்டு மணிநேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்படி எழுதப்பட்ட ஆட்டம், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், பிழையான ஆட்டம்.

பயம் விளையாட்டாகவே இருக்க ஓர் ஏற்பாடும் வேண்டும். யாருக்கு எது ஆகாது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிப்பது இன்று பரவலான வழக்கம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ்-கார்டை மேசை நடுவில் வைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் அதைத் தொட்டு, காரணம் சொல்லாமலே ஒரு காட்சியை நிறுத்தலாம். இது திகிலின் வீரியத்தைக் குறைக்கும் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை இருப்பவர்களே இன்னும் ஆழமாகப் போகத் துணிவார்கள் என்பதுதான் நடைமுறை.

மதர்ஷிப்பின் ஆட்டக்காரர் கையேடு மின்பதிப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. வடிவமைக்க விரும்புகிறவர்கள் புதிதாக ஒரு விதித்தொகுப்பை எழுத உட்காருவதற்கு முன், அந்தக் கையேட்டோடு இரண்டு பத்துப்பக்கப் பகடை, ஓர் இருபதுபக்கப் பகடை, ஒரு கோப்பை, நான்கு நண்பர்கள் என்று ஒரு மாலை ஆடிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் மேசை அமைதியானது என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.